நாள்பட்ட இடுப்பு வலியை மாத்திரையை நம்பியிராமல் கையாள 12 வாரம்: முழுமையான வழிகாட்டி

தர்மபுரி மாவட்டம் காரிமங்கலம் பக்கம் ஒரு சின்ன அறையில் பிசியோதெரபி பார்க்கிறேன். தக்காளித் தோட்டத்திலிருந்து, சாமந்தித் தோட்டத்திலிருந்து, ஓசூர் கம்பெனி பஸ்ஸிலிருந்து இறங்கி என்று எங்கிருந்து வந்தாலும், என்னிடம் வந்து சேரும் வரிசை ஒன்றாகத்தான் இருக்கிறது. முதலில் மெடிக்கலில் இரண்டு மாத்திரை, அப்புறம் ஊசி, அப்புறம் பெல்ட், அப்புறம் எண்ணெய் போட்டு நீவல், அப்புறம் ஸ்கேன். கடைசியில் ரிப்போர்ட்டைக் கையில் பிடித்துக்கொண்டு, "கரண்ட் வெச்சா சரியாயிடுமாங்க?" என்று கேட்கிறார்கள். பயிற்சி என்ற பேச்சே வருவதற்குள் ஒரு வருஷம் ஓடியிருக்கும்.

இந்த வழிகாட்டி அந்த வரிசையைத் திருப்பிப் போடுகிறது. மூன்று மாதத்துக்கு மேலாக இடுப்பு வலி இருப்பவர்களுக்காக எழுதியது. வலி பின்புறம், தொடை, கெண்டைக்கால் வரை இறங்குபவர்களுக்கும் பொருந்தும். படிகளை மாற்றாமல் செய்யுங்கள். பலர் தோற்பது பயிற்சி தப்பாக இருப்பதால் அல்ல, எட்டாவது படியை முதல் நாளே செய்வதால்.

மாத்திரை பற்றி ஒன்று சொல்லிவிடுகிறேன். மருத்துவர் எழுதிக் கொடுத்த எதையும் இதைப் படித்துவிட்டு நிறுத்தாதீர்கள். ஆனால் சீட்டு இல்லாமல், பெயர் தெரியாமல், பொட்டலமாக வாங்கி மாதக்கணக்கில் விழுங்குபவர்கள் அதை ஒரு மருத்துவரிடம் கட்டாயம் காட்ட வேண்டும். வலி மாத்திரை நாள்கணக்கில் போனால் வயிற்றில் புண் வரலாம், சிறுநீரகம் கெடலாம், பி.பி.யும் சுகரும் உள்ளவர்களுக்கு இந்த ஆபத்து இன்னும் அதிகம். பொட்டலத்தில் ஸ்டீராய்டு கலந்திருந்தால் திடீரென நிறுத்துவதும் ஆபத்து. மெல்லக் குறைப்பது எப்படி என்பதை மருத்துவர்தான் சொல்ல வேண்டும்.

1. முதலில் ஆபத்து அறிகுறி இருக்கிறதா என்று பாருங்கள்

இடுப்பு வலிகளில் மிகச் சிலவற்றுக்குத்தான் பின்னால் பெரிய நோய் இருக்கும். அந்தச் சிலரில் நீங்கள் ஒருவர் இல்லை என்று தெரிந்த பிறகுதான் பயிற்சி.

கீழே உள்ளவற்றில் முதல் மூன்றில் ஒன்று இருந்தாலும் அன்றைக்கே பெரிய மருத்துவமனைக்குப் போக வேண்டும். இரவு என்றால் இரவிலேயே, 108-ஐக் கூப்பிட்டு.

சிறுநீர் வராமல் அடைத்துக்கொள்வது, அல்லது தெரியாமலே சிறுநீரோ மலமோ போய்விடுவது.

உட்காரும் இடமும் தொடையின் உட்பக்கமும் மரத்துப்போவது.

கால் பலம் குறைந்துகொண்டே போவது. நடக்கும்போது செருப்பு நழுவுகிறது, பாதத்தைத் தூக்க முடியவில்லை என்பார்கள்.

இவை தவிர, காய்ச்சலோடு வரும் முதுகு வலி, காரணமில்லாமல் உடல் இளைப்பது, முன்பு புற்றுநோய்க்குச் சிகிச்சை எடுத்தவருக்குப் புதிதாக வந்த வலி, படுத்தாலும் புரண்டாலும் இரவு முழுக்கக் குறையாத வலி, விழுந்த பிறகு வந்த வலி ஆகியவற்றுக்கும் முதலில் மருத்துவர்தான். வயதான பெண்கள் வழுக்கி உட்கார்ந்தாற்போல் விழுந்தால்கூட முதுகெலும்பு நசுங்கியிருக்கலாம்.

இங்கே அடிக்கடி நடக்கும் தவறு ஒன்று உண்டு. கால் மரத்துப்போனதை "வாயு பிடிச்சுக்கிச்சு" என்று எண்ணெய் தேய்த்து நீவிவிட்டு, ஒரு வாரம் கழித்து வருவார்கள். சிறுநீர் நரம்பு நசுங்கிய கேஸில் அந்த ஒரு வாரம் திரும்பக் கிடைக்காது.

2. நம் மாவட்டத்துக்கென்று ஒரு சோதனை: தண்ணீர்

தர்மபுரி, கிருஷ்ணகிரி இரண்டிலும் நிலத்தடி நீரில் ஃபுளோரைடு அதிகம். ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் வந்ததே இதற்காகத்தான். 2013-இல் அது பயன்பாட்டுக்கு வந்தது. ஆனாலும் காவிரித் தண்ணீர் குழாயில் வராத நாளில் போர் தண்ணீரைக் குடிக்கும் வீடுகள் இன்னும் இருக்கின்றன. பல வருஷம் அப்படிக் குடித்தவர்களுக்கு எலும்பிலும் மூட்டைச் சுற்றிய தசைநாரிலும் ஃபுளோரைடு படிந்து, முதுகு மரக்கட்டை மாதிரி இறுகிப்போகும்.

வீட்டில் மூன்று அசைவுகளைச் செய்து பாருங்கள். முழங்கால் மடக்காமல் குனிந்து கால் விரலைத் தொட முடிகிறதா? தாடை நெஞ்சைத் தொடுகிறதா? கைகளைப் பக்கவாட்டில் நீட்டி, மடக்கி, பின்தலையைத் தொட முடிகிறதா? மூன்றுமே முடியவில்லை, பல மூட்டுகளில் வலி, சின்ன வயதிலிருந்தே பல்லில் பழுப்புக் கறை, வீட்டில் மற்றவர்களுக்கும் இதே தொல்லை என்றால், ஆரம்ப சுகாதார நிலையத்தில் ஃபுளோரோசிஸ் (ஃபுளோரைடு படிந்து வரும் பாதிப்பு) பற்றிக் கேளுங்கள். ஒன்று மட்டும் முடியவில்லை என்றால் பயப்பட வேண்டாம்; இடுப்பு வலி உள்ள யாருக்கும் குனிவது கஷ்டம்தான்.

இதை ஏன் இவ்வளவு முன்னால் வைக்கிறேன் என்றால், ஃபுளோரோசிஸ் முதுகை வேகமாகத் திருப்பி "சொடக்கு" எடுக்கக் கூடாது. எலும்பு கெட்டியாகத் தெரிந்தாலும் உடையக்கூடியது. தண்டுவடம் போகும் பாதையும் குறுகியிருக்கலாம். மென்மையான அசைவும் நடையும் மட்டும்தான் அவர்களுக்கு.

குடிநீரில் ஃபுளோரைடு ஒரு லிட்டருக்கு 1 மி.கி. வரை இருக்கலாம் என்பது இந்தியத் தர நிர்ணயம். வேறு தண்ணீருக்கு வழியே இல்லாவிட்டால்தான் 1.5 வரை. கொதிக்க வைத்தால் கிருமி சாகும். ஃபுளோரைடு போகாது, தண்ணீர் சுண்டச் சுண்ட அதன் அடர்த்தி கூடும். தண்ணீரை மாற்றாமல் பயிற்சி மட்டும் செய்வது ஓட்டைக் குடத்தில் நீர் இறைப்பதுதான்.

3. ஸ்கேன் ரிப்போர்ட்டை மடித்து பீரோவில் வையுங்கள்

முதல் படியில் ஆபத்து அறிகுறி எதுவும் இல்லையென்றால், "டிஸ்க் பல்ஜ்" (முதுகெலும்புகளுக்கு நடுவில் மெத்தை மாதிரி இருக்கும் டிஸ்க் பிதுங்குவது), "தேய்மானம்" என்ற சொற்கள் உங்கள் 12 வாரத்தைத் தீர்மானிக்க வேண்டாம்.

வலியே இல்லாதவர்களை ஸ்கேன் எடுத்துப் பார்த்த ஆய்வுகளைத் தொகுத்து 2015-இல் வெளியிட்டார்கள். 20 வயதுக்காரர்களில் 37 சதவீதம் பேருக்கும், 80 வயதுக்காரர்களில் 96 சதவீதம் பேருக்கும் டிஸ்க் தேய்மானம் இருந்தது. யாருக்கும் வலி இல்லை. முடி நரைப்பது மாதிரிதான் பெரும்பாலான தேய்மானம்.

இது முக்கியமாவது பயத்தால். "டிஸ்க் நகர்ந்துடுச்சு, இனி குனியக் கூடாது" என்று ஒரு தடவை கேட்டவர் வருஷக்கணக்கில் இடுப்பை இறுக்கிப் பிடித்துக்கொண்டே நடக்கிறார். தசை ஓயாமல் இறுகியிருந்தால் அதுவே வலிக்கும். ஒரு தடவை திருடன் வந்து போன வீட்டுக் காவல் நாய், அப்புறம் இலை விழுந்தாலும் குரைக்கும். மாதக்கணக்கான வலியில் நரம்புகளும் அப்படித்தான் ஆகிவிடுகின்றன. வலிப்பது நிஜம், ஆனால் வலிக்கும்போதெல்லாம் உள்ளே ஏதோ கிழிகிறது என்று அர்த்தமில்லை. அந்த நாயைப் பழக்கி அமைதிப்படுத்தும் வேலையைத்தான் இனி செய்யப்போகிறோம்.

4. ஆரம்பிக்கும் முன் தேவையானவை

காசு செலவாகும் பொருள் எதுவும் வேண்டாம். தரையில் விரிக்க ஒரு பாயும் அதன்மேல் மடித்த போர்வையும். கட்டிலில் பயிற்சி செய்யாதீர்கள். மெத்தை அமுங்கினால் இடுப்பு எந்த நிலையில் இருக்கிறது என்று உங்களுக்கே தெரியாது. கை இல்லாத கெட்டியான நாற்காலி ஒன்று, ஆளுயரக் கம்பு ஒன்று, இரண்டு தலையணை, சுடுநீர்ப் பை அல்லது கல் உப்புப் பொட்டலம்.

அப்புறம் ஒரு நோட்டு. இதைத்தான் எல்லோரும் விட்டுவிடுகிறார்கள். முதல் நாள் நான்கு கணக்கு எழுதுங்கள்: வலிக்கு 0 முதல் 10-க்குள் எத்தனை மதிப்பெண், வலி கூடாமல் எத்தனை நிமிஷம் உட்கார முடிகிறது, எத்தனை நிமிஷம் நடக்க முடிகிறது, கையை ஊன்றாமல் நாற்காலியிலிருந்து 30 விநாடியில் எத்தனை தடவை எழுந்து உட்கார முடிகிறது.

காரணம் இருக்கிறது. வலி மெதுவாகத்தான் இறங்கும்; செய்ய முடிகிற வேலை அதற்கு முன்பே கூடிவிடும். நோட்டு இல்லாதவர் மூன்றாவது வாரம் வந்து "ஒண்ணும் குறையலைங்க" என்பார். நோட்டு வைத்திருப்பவர் 6 நிமிஷ நடை 15 நிமிஷமாக ஆனதைக் காட்டுவார். இரண்டு பேருக்கும் முன்னேற்றம் ஒன்றே. ஆனால் முதலாமவர் அந்த வாரமே விட்டுவிடுவார்.

5. உங்கள் இடுப்புக்கு எந்தத் திசை பிடிக்கும் என்று கண்டுபிடியுங்கள்

இதைத் தவறவிட்டுவிட்டு பக்கத்து வீட்டுக்காரர் செய்த பயிற்சியைச் செய்கிறவர்கள்தான் அதிகம். அவருக்கு நல்லது உங்களுக்குக் கெடுதலாகலாம்.

சோதனையை மாலையில் செய்யுங்கள். இரவு படுத்திருக்கும்போது டிஸ்க்குகள் நீரை உறிஞ்சி உப்பியிருக்கும். விடிந்ததும் குனிந்தால் யாருக்குமே இறுக்கமாகத்தான் இருக்கும்.

முதலில் குப்புறப் படுங்கள், 2 நிமிஷம். அடுத்து முழங்கைகளை ஊன்றி நெஞ்சை மட்டும் தூக்குங்கள், 2 நிமிஷம். எழுந்து இரண்டு நிமிஷம் நடந்து, வலி எங்கே இருக்கிறது என்று எழுதுங்கள். அரை மணி கழித்து மல்லாந்து படுத்து, இரண்டு முழங்கால்களையும் கையால் பிடித்து நெஞ்சுக்குக் கொண்டுவந்து விடுங்கள், 10 தடவை. மறுபடியும் நடந்து, எழுதுங்கள்.

வலி எவ்வளவு என்பதைவிட எங்கே என்பதைக் கவனியுங்கள். கெண்டைக்காலில் இருந்த வலி தொடைக்கும், தொடையிலிருந்து இடுப்புக்கும் ஏறினால் அந்தத் திசை உங்களுக்கு நல்லது. இடுப்பில் அப்போதைக்குக் கொஞ்சம் கூடினாலும் பரவாயில்லை. இடுப்பில் இருந்தது காலுக்கு இறங்கினால் அந்த அசைவை இப்போதைக்கு விட்டுவிடுங்கள்.

குனிந்தே வேலை செய்யும் நடுவயதுக்காரர்களில் பலருக்குக் குப்புறப் படுப்பது பிடிக்கும். அறுபதைத் தாண்டி, "கொஞ்ச தூரம் நடந்தா கால் கடுத்துப் போவுது, உட்கார்ந்தா விட்டுப் போவுது" என்பவர்களுக்கு முழங்காலை நெஞ்சுக்கு இழுப்பதுதான் பெரும்பாலும் ஒத்துவரும். அவர்களுக்கு நரம்புப் பாதை குறுகியிருக்கும், முன்னால் வளையும்போது அது சற்று விரியும். இரண்டுமே ஒன்றாகத் தெரிந்தால் இரண்டையும் செய்யலாம். இரண்டிலுமே வலி காலுக்கு இறங்கினால் அங்கேயே நிறுத்தி, ஒரு பிசியோதெரபிஸ்டை நேரில் பாருங்கள்.

6. வலியைத் தணித்துக்கொள்ளுங்கள்: வாரம் 1, 2

வெதுவெதுப்பான ஒத்தடம், 15 முதல் 20 நிமிஷம், நாளைக்கு இரண்டு வேளை. சுடுநீர்ப் பையோ, வறுத்த கல் உப்போ, நொச்சி இலையோ எதுவானாலும் சரி. வேலை செய்வது வெப்பம். அது ரத்த ஓட்டத்தைக் கூட்டி இறுகிய தசையைத் தளர்த்துகிறது. பயிற்சிக்கு முன்னால் வையுங்கள். தளர்ந்த தசை அசைவுக்கு எளிதாக ஒத்துழைக்கும்.

இரண்டு மடிப்புத் துண்டு நடுவில் இருக்கட்டும். பையின் மேலேயே படுத்துத் தூங்கிவிடாதீர்கள். சுகர் இருந்து பாதமோ காலோ மரத்திருப்பவர்கள் மரத்த இடத்தில் ஒத்தடமே வைக்கக் கூடாது. சூடு தெரியாமல் கொப்புளம் வந்து, அது புண்ணாகி, வலியைவிடப் பெரிய தொல்லையாக முடிந்ததைப் பார்த்திருக்கிறேன். புதிதாகச் சுளுக்கி வீங்கிய இடத்துக்கு முதல் இரண்டு மூன்று நாள் வெப்பம் வேண்டாம்; துணியில் சுற்றிய ஐஸ் 10, 15 நிமிஷம் போதும்.

எண்ணெய் தேய்த்து இதமாக நீவுவது தப்பில்லை. ஏறி மிதிப்பது, முட்டியால் அழுத்துவது வேண்டாம்.

படுக்கும்போது ஒருக்களித்துப் படுத்தால் இரண்டு முழங்கால்களுக்கு நடுவில் ஒரு தலையணை; மல்லாந்து படுத்தால் முழங்காலுக்கு அடியில். மேல் கால் முன்னால் சரிந்து இடுப்பை முறுக்காமல் இருப்பதற்காக. தூக்கம் கெட்டால் மறுநாள் அதே வலி கூடுதலாகத் தெரியும். ராத்திரி ஷிஃப்ட் முடித்து வந்து நாலு மணி நேரம் மட்டும் தூங்குபவர்களுக்கு நான் பயிற்சியைவிட முதலில் தூக்கத்தைத்தான் சரிசெய்யச் சொல்வேன்.

மூச்சு: முழங்காலை மடக்கிப் படுத்து, வயிற்றில் ஒரு கையை வைத்து, கை மேலே வரும்படி மூக்கால் இழுத்து, இழுத்ததைவிட மெதுவாக விடுங்கள். 5 நிமிஷம், இரண்டு வேளை. வலியில் இருப்பவர்கள் நெஞ்சிலேயே மேலோட்டமாக மூச்சு விடுகிறார்கள். உடம்பு எப்போதும் அடிதாங்கத் தயாராக இறுகியே இருக்கும். மூச்சை நீட்டி விடும்போது அந்த இறுக்கம் இளகும். சாமியாடிச் சொல்வதாக நினைக்காதீர்கள், செய்து பாருங்கள்.

ஐந்தாவது படியில் கண்டுபிடித்த நல்ல திசை அசைவை 10 தடவை, நாளைக்கு நான்கு வேளை. அதிகமான எண்ணிக்கை ஒரே நேரத்தில் வேண்டாம். சின்னச் சின்னதாக அடிக்கடி செய்வதுதான் நரம்பைப் பழக்கும்.

அப்புறம் நடை. நோட்டில் எழுதிய நிமிஷத்தில் பாதியிலிருந்து ஆரம்பியுங்கள். 10 நிமிஷம் முடியும் என்றால் 5 நிமிஷம், நாளைக்கு மூன்று தடவை. இரண்டு நாளுக்கு ஒரு தடவை 1 நிமிஷம் கூட்டுங்கள்.

பாதி எதற்கு? நல்ல நாளில் எல்லா வேலையையும் முடித்துவிட்டு அடுத்த மூன்று நாள் படுத்துக்கிடப்பது இடுப்பு வலிக்காரர்களின் பழக்கம். அந்த ஏற்ற இறக்கம்தான் வலியை நிலைக்க வைக்கிறது. நல்ல நாளிலும் கணக்குக்கு மேல் போகாதீர்கள், கெட்ட நாளிலும் கணக்கைக் கொஞ்சமாவது செய்யுங்கள். முழு ஓய்வு ஒன்றிரண்டு நாளுக்கு மேல் போனால் தசை இளைத்து, வலி கூடத்தான் செய்யும்.

இந்த இரண்டு வாரத்தில் இன்னொன்று: எழுந்த முதல் ஒரு மணி நேரம் குனியும் வேலையைத் தள்ளிப்போடுங்கள். டிஸ்க் உப்பியிருக்கும் அந்த நேரத்தில்தான் நம் வீடுகளில் வாசல் பெருக்கல், சாணம் அள்ளல், கோலம், பால் கறத்தல் எல்லாம் நடக்கின்றன. "அதெப்படிங்க, மாடு காத்திருக்குமா?" என்று பெண்கள் கேட்கிறார்கள். நியாயம்தான். அப்போது வரிசையையாவது மாற்றுங்கள்: எழுந்ததும் பத்து நிமிஷம் நடமாடி, அடுப்பு வேலையை நின்றபடி முடித்து, அப்புறம் மாட்டிடம் போங்கள். துடைப்பத்துக்கு ஒரு நீளக் கழியைக் கட்டிக்கொள்ளுங்கள். கோலத்தை இந்த இரண்டு வாரம் வீட்டில் வேறு யாராவது போடட்டும். ஆண்களும் போடலாம்.

7. எவ்வளவு வலித்தால் நிறுத்த வேண்டும்?

அடுத்த படிக்கு முன்னால் இந்த விதியை மனப்பாடம் செய்துகொள்ளுங்கள். பயிற்சியின்போது வலி 2 மதிப்பெண் வரை கூடலாம். மறுநாள் காலைக்குள் பழைய அளவுக்கு இறங்கிவிட வேண்டும். இறங்கிவிட்டால் அதே அளவைத் தொடருங்கள். இறங்கவில்லையென்றால் அடுத்த தடவை எண்ணிக்கையைப் பாதியாக்குங்கள், பயிற்சியை விட்டுவிடாதீர்கள். வலி காலுக்கு இறங்கினால் அந்த ஒரு பயிற்சியை மட்டும் நிறுத்துங்கள்.

துளிகூட வலிக்காமல் செய்யக் காத்திருந்தால் தொடங்கவே மாட்டீர்கள். பல்லைக் கடித்துக்கொண்டு செய்தால் நான்காம் நாள் விட்டுவிடுவீர்கள்.

8. பலம் சேர்ப்பது: வாரம் 3 முதல் 6 வரை

வாரத்துக்கு மூன்று நாள், ஒருநாள் விட்டு ஒருநாள். தசை வளர்வது ஓய்வு நாளில்தான். நடையும் திசை அசைவும் தினமும் தொடரட்டும்.

பாலம்: மல்லாந்து படுத்து முழங்கால்களை மடக்குங்கள். பின்புறத்தை இறுக்கி இடுப்பைத் தூக்கி 5 விநாடி நிறுத்தி இறக்குங்கள். 8 தடவை, இரண்டு சுற்று. முதுகை வில்லாக வளைக்காமல் பின்புறத் தசையால் தூக்க வேண்டும். தொடைப் பின்புறம் பிடித்து இழுத்தால் குதிகாலை இன்னும் உடம்புப் பக்கம் கொண்டுவாருங்கள்.

கை கால் நீட்டல்: தவழும் நிலையில் நில்லுங்கள். வலது கையையும் இடது காலையும் நீட்டி 5 விநாடி, அப்புறம் மாற்றி. பக்கத்துக்கு 6. முதுகின் மேல் ஒரு சொம்புத் தண்ணீர் இருப்பதாக நினைத்துக்கொண்டு சிந்தாமல் செய்யுங்கள். முட்டி வலி உள்ளவர்கள் முட்டிக்கு அடியில் தலையணை வைத்துக்கொள்ளலாம்.

பக்கவாட்டுத் தாங்கல்: ஒருக்களித்து, முழங்கையும் மடக்கிய முழங்காலும் ஊன்றி, இடுப்பைத் தரையிலிருந்து தூக்கி 10 விநாடி. பக்கத்துக்கு 3. இது கஷ்டமாக இருந்தால் நான்காவது வாரம் சேர்த்துக்கொள்ளுங்கள்.

எழுந்து உட்காருதல்: நாற்காலியிலிருந்து கையை ஊன்றாமல் 10 தடவை, இரண்டு சுற்று. வேகமாக எழுந்து, மெதுவாக உட்காருங்கள். இடுப்பு வலியோடு முட்டி வலியும் உள்ளவர்களுக்கு இந்த ஒன்று இரண்டுக்கும் உதவும். தொடை முன்தசை பலமானால் முட்டி மேல் விழும் பாரம் குறையும். முட்டி ரொம்ப வலித்தால் நாற்காலியின் மேல் ஒரு தலையணை போட்டு உயரத்தைக் கூட்டுங்கள்.

இங்கே புதியவர்கள் தடுமாறும் இடங்கள் மூன்று. மூச்சை அடக்கிக்கொண்டு செய்வது, பி.பி. ஏறும், அதனால் வாய்விட்டு எண்ணுங்கள், மூச்சு தானாகப் போய் வரும். தொப்பை குறையும் என்று மல்லாந்து படுத்த நிலையிலிருந்து எழுந்து உட்காரும் வயிற்றுப் பயிற்சியை இதோடு சேர்ப்பது. டிஸ்க் மேல் அதிக அழுத்தம் தரும், இப்போதைக்கு வேண்டாம். மூன்றாவது, செல்போனில் பார்த்ததையெல்லாம் சேர்த்து இருபது பயிற்சி செய்வது. வலி கூடினால் எதனால் கூடியது என்று யாருக்கும் தெரியாது.

9. உங்கள் வேலைக்கு இடுப்பைத் தயார் செய்வது: வாரம் 7 முதல் 12 வரை

பாயில் படுத்துச் செய்யும் பயிற்சியோடு நின்றுவிட்டால், வேலைக்குப் போன முதல் வாரமே வலி திரும்பும். பாயில் யாரும் க்ரேட் தூக்குவதில்லை.

முதலில் இடுப்பில் மடங்கக் கற்க வேண்டும். கம்பை முதுகோடு நெடுக்காகப் பிடியுங்கள். பின்தலை, நடுமுதுகு, வால் எலும்பு மூன்றும் கம்பைத் தொட்டபடி இருக்கட்டும். முழங்காலை லேசாக மடக்கி, பின்புறத்தைப் பின்னால் தள்ளிக் குனியுங்கள். மூன்று இடமும் கம்பை விட்டு விலகக் கூடாது. 10 தடவை, இரண்டு வாரம் தினமும். இதில் பாரத்தைத் தொடையும் பின்புறமும் வாங்கிக்கொள்ளும்.

அப்புறம் பாரம். 15 லிட்டர் குடத்தில் மூன்றில் ஒரு பங்கு தண்ணீரோடு ஆரம்பித்து, ஒரு வாரத்துக்கு ஒரு தடவை கொஞ்சம் கூட்டுங்கள். உடம்பை ஒட்டிப் பிடித்துத் தூக்குங்கள். கை நீள நீள முதுகின் மேல் பாரம் பல மடங்காகும். தூக்கியபடி இடுப்பைத் திருப்பாமல், காலை எடுத்து வைத்துத் திரும்புங்கள். குடத்தை எப்போதும் ஒரே இடுப்பில் வைக்காமல் மாற்றி மாற்றி வையுங்கள். முழுத் தக்காளி க்ரேட் 25 கிலோ அளவுக்கு வரும்; அதைத் தனியாகத் தூக்குவதற்கு முன் இந்தக் குடக் கணக்கு முழுதாக முடிந்திருக்க வேண்டும்.

பூப் பறிப்பவர்கள், களை எடுப்பவர்கள்: அரை மணிக்கு ஒரு தடவை நிமிர்ந்து, இடுப்பில் கை வைத்து 5 தடவை பின்னால் வளையுங்கள். ஒரு சாலில் வலது காலை முன்னால் வைத்தால் அடுத்த சாலில் இடது. பின்னால் வளைவது ஒத்துக்கொள்ளாதவர்கள் வரப்பில் இரண்டு நிமிஷம் உட்கார்ந்து எழுந்தாலே போதும். எத்தனையோ சரியான நிலைகளைச் சொல்லிப் பார்த்துவிட்டேன். இந்த அரை மணிக் கணக்கு அளவுக்கு எதுவும் உதவவில்லை.

கம்பெனியில் நின்று வேலை பார்ப்பவர்கள் ஒரு காலை அரை அடி உயரத்தில் மாற்றி மாற்றி வைக்க இடம் இருக்கிறதா என்று பாருங்கள். பைக்கில் தினமும் 30, 40 கிலோமீட்டர் போகிறவர்கள் டயர் காற்றையும் பின் ஷாக்கையும் சரிபார்ப்பது பயிற்சியில் ஒரு பகுதி என்றே நினைத்துக்கொள்ளுங்கள். வேகத்தடையில் விழும் அதிர்ச்சி நேராக முதுகுக்கு வருகிறது. வழியில் ஒரு தடவை இறங்கி நடங்கள்.

10. மெஷின், பெல்ட், கிளினிக்: எங்கே பயன்படும்?

உலக சுகாதார நிறுவனம் 2023 டிசம்பரில் நாள்பட்ட இடுப்பு வலிக்கு ஒரு வழிகாட்டுதல் வெளியிட்டது. விளக்கிச் சொல்லிக் கொடுத்தல், பயிற்சி, மசாஜ், கையால் செய்யும் முதுகெலும்புச் சிகிச்சை, மனப் பயிற்சி இவற்றை ஆதரிக்கிறது. இடுப்பு பெல்ட், இடுப்பை இழுத்து வைக்கும் இழுவைச் சிகிச்சை, அல்ட்ராசவுண்ட் சிகிச்சை, தோல் வழியாக லேசான கரண்ட் கொடுக்கும் டென்ஸ் மெஷின் இவற்றை வழக்கமாகக் கொடுக்க வேண்டாம் என்கிறது.

என் அறையிலும் மெஷின் இருக்கிறது. அதை வைத்தபின் ஒன்றிரண்டு மணி நேரம் இதமாக இருக்கும் என்பவர்கள் உண்டு. அந்த நேரத்தில் பயிற்சியைச் செய்துவிடச் சொல்வேன். பத்து நாள் கரண்ட் மட்டும் வைத்துக்கொண்டு வீட்டுக்குப் போனால், பதினோராம் நாள் வலி அங்கேயே இருக்கும். பேஸ்மேக்கர் வைத்தவர்களும் கர்ப்பிணிகளும் மெஷின் என்றாலே முன்கூட்டிச் சொல்லிவிட வேண்டும்.

பெல்ட்டை நீண்ட பஸ் பயணத்துக்கோ, தவிர்க்க முடியாத ஒருநாள் பாரத்துக்கோ போடலாம். காலை முதல் இரவு வரை போட்டால் இடுப்புத் தசை வேலையை மறக்கும்.

கிளினிக்கைத் தேர்ந்தெடுக்கும்போது பாருங்கள்: பி.பி.டி. (பிசியோதெரபி பட்டப்படிப்பு) படித்தவரா, முதல் நாளே குனியச் சொல்லி, நடக்கச் சொல்லி, காலின் பலத்தைச் சோதித்தாரா, வீட்டில் செய்ய இரண்டு மூன்று பயிற்சியாவது செய்து காட்டித் திரும்பச் செய்யச் சொன்னாரா. தொடாமல் நேராக மெஷினில் படுக்க வைத்தால் வேறு இடம் பாருங்கள்.

பணம் இல்லை என்று விட்டுவிட வேண்டாம். தர்மபுரி அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் பிசியோதெரபி உண்டு. நடக்க முடியாமல் வீட்டோடு கிடக்கும் பெரியவர்களுக்கு மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் பிசியோதெரபிஸ்ட் வீட்டுக்கே வருவார். 2021 ஆகஸ்ட் 5 அன்று அந்தத் திட்டம் தொடங்கியதே நம் கிருஷ்ணகிரி மாவட்டத்துச் சாமனப்பள்ளியில்தான். உங்கள் ஊர்ச் சுகாதாரச் செவிலியரிடம் பெயரைப் பதியச் சொல்லுங்கள். பயிற்சியைச் சொல்லிக் கொடுக்கும்போது வீட்டில் இன்னொருவரும் பக்கத்தில் நிற்கட்டும், பெரியவர்கள் மறந்துவிடுவார்கள்.

11. வலி திரும்ப வந்தால்

பெரும்பாலும் வரும். மாங்காய் சீசனிலோ, வீட்டில் கல்யாணம் முடிந்த மறுநாளோ வரும். அதற்கு இப்போதே நோட்டின் கடைசிப் பக்கத்தில் எழுதி வையுங்கள்.

முதல் நாள்: ஒன்றாம் படியின் ஆபத்து அறிகுறிகளை மறுபடி பாருங்கள். இல்லையென்றால் ஒத்தடம், மூச்சு, நல்ல திசை அசைவு இரண்டு மணிக்கு ஒரு தடவை. வீட்டுக்குள்ளேயே ஐந்து ஐந்து நிமிஷமாக நடை.

மூன்றாம் நாள்: பலப் பயிற்சியைப் பாதி எண்ணிக்கையில் திரும்ப ஆரம்பியுங்கள். முதல் வாரத்துக்குத் திரும்பிப் போக வேண்டியதில்லை. சேர்த்த பலம் மூன்று நாளில் போகாது.

இரண்டு வாரத்தில் பழைய நிலைக்கு வரவில்லையென்றால் நேரில் காட்டுங்கள்.

12 வாரம் முடிந்தபின் எல்லாவற்றையும் தொடர முடியாது என்பவர்கள் நடையை மட்டும் விடாதீர்கள். இடுப்பு வலியிலிருந்து மீண்ட 701 பேரை வைத்து ஆஸ்திரேலியாவில் செய்த ஆய்வு 2024-இல் வெளியானது. படிப்படியாகக் கூட்டி வாரத்துக்கு ஐந்து நாள் 30 நிமிஷ நடை என்பது அதில் இலக்கு. நடந்தவர்களுக்கு வலி திரும்ப நடுவளவில் (பாதிப் பேருக்கு அதற்கு முன், பாதிப் பேருக்கு அதற்குப் பின்) 208 நாள் ஆனது. நடக்காதவர்களுக்கு 112 நாள். செலவு ஒரு ஜோடி நல்ல செருப்பு. ஏரிக்கரையில் காலை வெயில் ஏறுவதற்குள் போய் வந்துவிடலாம்.